டெஸ்க்டாப்பை எடுத்துவிட்டு லேப்டாப் வைக்கலாமா? கடலூர், புதுச்சேரி வேலை மேசைகளுக்கு ஓர் ஒப்பீடு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டதிலிருந்து, கடலூரிலும் புதுச்சேரியிலும் எனக்குத் தெரிந்த ஸ்டூடியோக்காரர்கள், கட்டட வரைபடம் போடும் பொறியாளர்கள், டிடிபி கடைக்காரர்கள் ஆகியோரிடமிருந்து ஏறக்குறைய ஒரே கேள்விதான் வந்துகொண்டிருக்கிறது. எட்டுப் பத்து ஆண்டுகளாக உழைத்த சிஸ்டம் விண்டோஸ் 11-ஐ ஏற்க மறுக்கிறது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன செயலியும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்கிறது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றாகிவிட்ட பிறகு, டெஸ்க்டாப்புக்கு நிகராக ஓடும் என்று விற்கப்படும் பெரிய லேப்டாப் ஒன்றையே வாங்கிவிட்டால் மேசையும் காலியாகும், வெளியேயும் எடுத்துச் செல்லலாமே என்பது கேட்பவர்களின் எண்ணம்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதத்தில் நான்கு நாட்களுக்குக் குறைவாக வெளியே எடுத்துச் செல்பவருக்கு வலிமையான லேப்டாப் பெரும்பாலும் தவறான செலவு. மாதம் எட்டுப் பத்து நாள் எடுத்துச் செல்பவருக்கு அதை விட்டால் வேறு வழியில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் ஒப்பீடு தேவைப்படுகிறது.

எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது நகர்வு. கடந்த மூன்று மாதங்களில் கணினி வேலையை வெளியே கொண்டுபோய்ச் செய்ய வேண்டியிருந்த நாட்கள் எத்தனை என்று ஆர்டர் புத்தகத்தைப் பார்த்து எண்ண வேண்டும். 'எடுத்துப் போக முடிந்தால் நன்றாக இருந்திருக்குமே' என்று தோன்றிய நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எண்ணிப் பார்க்கச் சொன்னவர்களில் பலர் ஐந்தாறு நாட்களுக்கு மேல் போகவில்லை. அவர்களுக்கே அது வியப்பாக இருந்தது.

இரண்டாவது, தொடர் சுமை. ஒரு கணினி முதல் இரண்டு நிமிடங்களுக்கு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது வேறு, நாற்பது நிமிடம் இடைவிடாமல் ரெண்டர் போடும்போது (வீடியோவையோ முப்பரிமாணப் படத்தையோ இறுதி வடிவில் உருவாக்கும்போது) எவ்வளவு வேகத்தைத் தக்கவைக்கிறது என்பது வேறு. இங்கே நம் ஊர் வெப்பமும் கணக்கில் வருகிறது. மின்விசிறி உள்ளே இழுக்கும் காற்று எத்தனை டிகிரி கூடுதலாகச் சூடாக இருக்கிறதோ, சிப்பின் வெப்பமும் ஏறக்குறைய அத்தனை டிகிரி கூடும். உச்ச வரம்பைத் தொட்டவுடன் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என் வீட்டு மாடி அறையில் ஏசி கிடையாது. ஜனவரி மாதக் காலையில் 24 நிமிடத்தில் எக்ஸ்போர்ட் ஆன ஒரு வீடியோ, கத்திரி வெயில் நாளின் பிற்பகலில் அதே லேப்டாப்பில் 31 நிமிடம் பிடித்தது. கோப்பும் மென்பொருளும் மாறவில்லை, அறையின் சூடு மட்டுமே மாறியிருந்தது.

மூன்றாவது, மின்தடை. நெய்வேலியில் மின்சாரம் தயாராகும் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு யுபிஎஸ் கணக்குப் போடுவது ஒரு வேடிக்கைதான். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலையும், 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சலையும் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அப்படிப்பட்ட நாட்களில் எந்தக் கணினியாலும் பயனில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுவோம். காலையில் தொடங்கிப் பிற்பகல் வரை நீளும் மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்தமும், திடீரென்று போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பும் கரண்ட்டும்தான் வேலையைக் கெடுக்கின்றன.

நான்காவது, பழுது பார்ப்பதும் பிற்பாடு கூட்டிக்கொள்வதும். ஐந்தாவது, ஐந்து ஆண்டுகளுக்கான மொத்தச் செலவு. பெட்டியின் விலை அந்தச் செலவில் ஒரு பகுதி மட்டுமே.

முதல் வழி: வலிமையான லேப்டாப்

கடையில் 'டெஸ்க்டாப்புக்கு மாற்று' என்று காட்டப்படுவது பெரும்பாலும் 16 அல்லது 18 அங்குலத் திரையும் தனி கிராபிக்ஸ் சிப்பும் கொண்ட, இரண்டரை கிலோ அளவிலான பொருள். இதன் அடாப்டர் 230 வாட்டிலிருந்து 330 வாட் வரை இருக்கும். பெரிய அடாப்டர் மட்டுமே ஏறத்தாழ ஒரு கிலோ வரும். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் நின்றபடி பயணம் செய்து பார்த்தவர்கள் இதை லேப்டாப் என்று அழைக்கத் தயங்குவார்கள். அடிக்கடி இடம் மாற்றக்கூடிய டெஸ்க்டாப் என்று இதைப் புரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது.

பெரிய ஏமாற்றம் வரும் இடம் கிராபிக்ஸ் சிப்பின் பெயர். டெஸ்க்டாப்பிலும் லேப்டாப்பிலும் ஒரே எண்ணை அச்சிடுகிறார்கள், உள்ளே இருப்பது ஒன்றல்ல. என்விடியா நிறுவனத்தின் டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு 12 ஜிபி நினைவகத்தோடு 200 வாட் எடுத்துக்கொள்ளும். லேப்டாப்பில் அதே பெயரில் வருவது 8 ஜிபி நினைவகம் கொண்ட, அதைவிடச் சிறிய சிப். ஆர்டிஎக்ஸ் 5070-லும் இதே கதைதான், டெஸ்க்டாப்பில் 12 ஜிபி, லேப்டாப்பில் 8 ஜிபி. உச்சியில் இருக்கும் 5090-இல் டெஸ்க்டாப் கார்டு 575 வாட், 32 ஜிபி. லேப்டாப் சிப் அதிகபட்சம் 150 வாட் அளவில், 24 ஜிபி. இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே லேப்டாப் சிப்பை ஒரு தயாரிப்பாளர் 60 வாட்டில் ஓட்டுவார், இன்னொருவர் 115 வாட்டில் ஓட்டுவார். பெட்டியின் மேல் இரண்டுக்கும் ஒரே ஸ்டிக்கர்தான் இருக்கும். எனவே வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இதில் எந்தக் கார்டு?' என்பதோடு நிற்காமல், 'எத்தனை வாட்டில் ஓடுகிறது?' என்பதையும் தொட வேண்டும். கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில் கிராபிக்ஸ் பகுதியில் அந்த எண்ணைத் தேடினால் கிடைக்கும்.

கடந்த தை மாதம் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில், காலை முகூர்த்தத்தின் காட்சிகளை வெட்டி மாலை வரவேற்பில் எல்ஈடி திரையில் காட்ட வேண்டிய வேலை நண்பர் ஒருவருக்கு. மணமகள் அறைக்குப் பக்கத்தில் ஒரு சிறு அறை. ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் செருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று கேமரா பேட்டரிகள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன, நான்காவது துளையில் லேப்டாப்பின் அடாப்டர் தரையில் செங்கல்போலக் கிடந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று, எல்ஈடிக்காரர் அழைக்கிறார் என்று அடாப்டரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பை மேடைக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டு போகும் வரை. ஒன்பது நிமிடம் மீதி என்று காட்டிய எக்ஸ்போர்ட் இருபது நிமிடத்துக்கு மேல் என்று மாறியது. "பேட்டரியிலயும் இதே ஸ்பீடு வரும்னுதானேண்ணே சொன்னாங்க" என்றார் அவர். வராது. பேட்டரியால் அடாப்டர் அளவுக்கு வாட் கொடுக்க முடியாது என்பதால், மின்சாரம் இல்லாதபோது கிராபிக்ஸ் சிப்பின் வேகத்தை லேப்டாப் வெகுவாகக் குறைத்துவிடும். ஆனாலும் அன்றைய வேலையை டெஸ்க்டாப்பை வைத்துக்கொண்டு செய்திருக்கவே முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். திருமண சீசனில் மாதம் எட்டுப் பத்து நாள் இப்படிப் போகிறவருக்கு அந்த ஒரு கிலோ அடாப்டர் பெரிய பாரமாகத் தெரியாது.

பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவு பெரிய லேப்டாப்பிலும் 100 வாட்-மணிக்குள் நின்றுவிடும். விமானத்தில் கைப்பையில் தடையின்றி எடுத்துச் செல்லும் வரம்பு அது. 90 வாட்-மணி பேட்டரியை 90 வாட் வேலைக்குப் போட்டால் ஒரு மணி நேரம்தான். கடிதம் தட்டுவது, கணக்குப் பார்ப்பது போன்ற இலேசான வேலைக்கு அதே பேட்டரி பல மணி நேரம் தாங்கும். ஆக, மாதாந்திர மின்நிறுத்த நாளில் ரெண்டர் போட முடியாது, பில் போடலாம், வாடிக்கையாளருக்கு ஆல்பத்தைத் திறந்து காட்டலாம். பத்து நிமிடக் கரண்ட் கட்டில் எதுவுமே அறுந்துபோகாது. யுபிஎஸ் வாங்கும் செலவும், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதன் பேட்டரியை மாற்றும் செலவும் மிச்சம். நம் ஊரைப் பொறுத்தவரை லேப்டாப்பின் தலையாய நன்மை இதுதான் என்பேன். விளம்பரங்களில் இதை யாரும் சொல்வதில்லை.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் 16 அங்குலத் திரையைக் குனிந்து பார்த்தால் ஆறு மாதத்தில் கழுத்து பேசத் தொடங்கும். எனவே தனி மானிட்டர், கீபோர்டு, மவுஸ், லேப்டாப்பை உயர்த்தி வைக்க ஒரு ஸ்டாண்டு ஆகியவை வந்தே தீரும். மேசை காலியாகும் என்ற கனவு அங்கேயே பாதி கலைந்துவிடுகிறது. வீடியோ வேலை என்றால் சேமிப்புக்கும் வெளியேதான் போக வேண்டும். விநாடிக்கு 200 மெகாபிட் விகிதத்தில் 4கே பதிவு செய்யும் கேமரா ஒரு மணி நேரத்தில் 90 ஜிபி நிரப்பும். இரண்டு கேமராக்கள் ஐந்து மணி நேரம் ஓடினால் ஒரே திருமணத்துக்கு 900 ஜிபி. டெஸ்க்டாப் கேபினட்டுக்குள் இரண்டு மூன்று பெரிய ஹார்டு டிஸ்க்குகளைச் செருகிவிட்டு மறந்துவிடலாம். லேப்டாப்பில் அவை கேபிளோடு மேசை மீது தொங்கிக்கொண்டிருக்கும், யாராவது ஒரு நாள் கேபிளில் கால் இடறும் வரை.

பழுதுபார்ப்பு இதைவிடக் கசப்பான பகுதி. கிராபிக்ஸ் சிப்பும் செயலியும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. மெலிதான மாடல்களில் ராமும் அப்படியே. ஒரு சிப் போனால் போர்டே போயிற்று, வாரண்டி முடிந்திருந்தால் அதன் விலையைக் கேட்டுவிட்டுப் புதிய லேப்டாப் வாங்கப் போனவர்கள் உண்டு. என் முந்தைய லேப்டாப்பில் இடப்பக்க மின்விசிறி நான்காம் ஆண்டில் கரகரக்கத் தொடங்கியது. திறந்து பார்த்தபோது வெப்பத் தகட்டின் மெல்லிய இடுக்குகளில் தூசியும் உப்புக் காற்றின் ஈரமும் சேர்ந்து களிம்பாகப் படிந்திருந்தது. யூஎஸ்பி வாயின் உலோக விளிம்பில் பச்சை பூத்திருந்தது. மின்விசிறி வர பதினேழு நாள் ஆயிற்று, அதுவரை சர்வீஸ் சென்டர் லேப்டாப்பை முழுவதுமாகத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அந்தப் பதினேழு நாளும் என் வேலை இரவல் கணினியில் ஓடியது. கடற்கரையிலிருந்து சில தெருக்கள் தள்ளிக் குடியிருப்பவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்வதையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தெர்மல் பேஸ்ட் மாற்றுவதையும் செலவுக் கணக்கிலேயே எழுதிவிட வேண்டும்.

இரண்டாம் வழி: புதிய டெஸ்க்டாப்

தொடர் சுமை என்ற அளவுகோலில் டெஸ்க்டாப்புக்குப் போட்டியே கிடையாது. பெரிய ஹீட்சிங்க், பெரிய மின்விசிறி, காற்று புழங்க இடம். மே மாதத்திலும் வேகம் பெரிதாக இறங்காது, சத்தமும் குறைவு. அதே பணத்துக்கு அடுத்த படியில் உள்ள கிராபிக்ஸ் கார்டு கிடைக்கும். ஒரு பாகம் பழுதானால் அந்த ஒரு பாகம்தான் வாரண்டிக்குப் போகும். செயலியில் உள்ளடங்கிய கிராபிக்ஸ் இருந்தால், கார்டு சென்னைக்குப் போய்த் திரும்பும் வரை மெதுவாகவேனும் வேலை நடக்கும்.

பழையதில் எதையெல்லாம் மீட்கலாம் என்பதையும் பார்க்க வேண்டும். கேபினட், மானிட்டர், ஹார்டு டிஸ்க்குகள் ஆகியவை அநேகமாக அப்படியே உதவும். ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறை இன்டெல் சிஸ்டம் என்றால் உள்ளே பெரும்பாலும் டிடிஆர்4 ராம் இருக்கும். அதை ஏற்கும் மதர்போர்டுகள் பன்னிரண்டாம் தலைமுறை முதல் பதினான்காம் தலைமுறை வரையிலான செயலிகளுக்குக் கிடைக்கின்றன. நான்காம் தலைமுறை என்றால் டிடிஆர்3, அது இனி எதற்கும் ஆகாது. 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், பழைய ராமைக் காப்பாற்றுவது முன்பைவிட இப்போது அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும். பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மீட்க நினைக்க வேண்டாம். பத்து ஆண்டு உழைத்த எஸ்எம்பிஎஸ்ஸில் புதிய கார்டைச் செருகுவது, பழைய ஒயரிங் உள்ள வீட்டில் புதிய ஏசி மாட்டுவது போன்றது.

இதன் மறைசெலவு மின்சாரத்தில் இருக்கிறது. முதலாவதாக யுபிஎஸ். மேசைக்கடியில் இருக்கும் வழக்கமான 600 விஏ யுபிஎஸ்ஸின் உண்மையான தாங்குதிறன் 360 வாட் அளவில்தான். நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள சிஸ்டமும் மானிட்டரும் ரெண்டர் நேரத்தில் அதைத் தாண்டிவிடும், கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் ஓலமிட்டுவிட்டு அணைந்துவிடும். குறைந்தது 1 கேவிஏ வேண்டும், அதுவும் கோப்பைச் சேமித்து அணைக்க மட்டுமே. வீட்டு இன்வெர்ட்டரை நம்புகிறவர்கள் அதில் யுபிஎஸ் மோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண மோடில் மாறும் இடைவெளி சிஸ்டத்தை மறுதொடக்கம் செய்ய வைக்கும் அளவுக்கு நீளமானது.

இரண்டாவதாக மின்கட்டணம். டெஸ்க்டாப் லேப்டாப்பைவிடச் சராசரியாக 150 வாட் கூடுதலாக எடுக்கிறது, நாளுக்கு எட்டு மணி நேரம், மாதம் 25 நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 30 யூனிட், இரு மாதக் கணக்கில் 60 யூனிட். தொகையாகப் பார்த்தால் சில நூறு ரூபாய்தான். ஆனால் கடலூரில் வீட்டு இணைப்பிலேயே வேலை பார்ப்பவருக்கு இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் சிலவற்றின் விகிதமும் சேர்ந்து ஏறிவிடும். 450, 470 என்று விளிம்பில் நிற்கும் வீடுகளில் இந்த 60 யூனிட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. புதுச்சேரியில் மின்துறையின் கட்டணப் படிகள் வேறு, பில்லும் மாதந்தோறும் வருகிறது என்பதால் அங்குள்ளவர்கள் தங்கள் பில்லை வைத்துத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

மூன்றாம் வழி: மேசையில் ஒன்று, பையில் ஒன்று

பெரிய லேப்டாப் ஒன்றுக்கு ஆகும் பணத்தை இரண்டாகப் பிரித்து, மேசைக்கு நடுத்தரமான டெஸ்க்டாப்போ மினி பிசியோ, அதோடு பைக்கு ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும் எளிய லேப்டாப்பும் வாங்குவது இந்த வழி. இதைச் சொன்னால் முதலில் பலரும் முகம் சுளிக்கிறார்கள், இரண்டு பொருளைப் பராமரிக்க வேண்டுமே என்று. ஒன்று சர்வீஸுக்குப் போனாலும் கடை மூடாது என்பதை நினைத்துப் பார்த்தவுடன் சுளிப்புக் குறைந்துவிடும்.

மினி பிசி என்ற வகையில் ஆப்பிளின் மேக் மினி எம்4 குறிப்பிடத்தக்கது. 2024 இறுதியில் வந்தபோது 16 ஜிபி ராமோடு ரூ. 59,900 என்று அறிவிக்கப்பட்டது. மின்சாரம் மிகக் குறைவாகவே எடுப்பதால் 600 விஏ யுபிஎஸ்ஸிலேயே தாராளமாக ஓடும். கேமராவின் 10-பிட் 4:2:2 ஹெச்இவிசி கோப்புகளை (நிற விவரம் கூடுதலாக உள்ள, சுருக்கப்பட்ட வீடியோ வடிவம்) திணறாமல் திறக்கும். ஆனால் ராமைப் பின்னர் கூட்ட முடியாது. கட்டட வடிவமைப்புக்கான ரெவிட், கணக்குக்கான டாலி போன்ற மென்பொருட்கள் அதில் நேரடியாக ஓடா. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் பத்தாண்டுக் கோப்புகளைப் பேஜ்மேக்கரில் வைத்திருக்கும் டிடிபி கடைக்காரர் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

மறைசெலவு இங்கே உரிமங்களிலும் கோப்பு மேலாண்மையிலும் இருக்கிறது. அடோபி சந்தாவை இரண்டு கணினிகளில் வைத்துக்கொள்ளலாம், ஒரே நேரத்தில் பயன்படுத்துவது மட்டும் கூடாது. டாலியின் சில்வர் உரிமம் ஒரே கணினிக்கானது. எந்தக் கோப்பு எந்தக் கணினியில் கடைசியாகத் திருத்தப்பட்டது என்ற குழப்பம் மூன்றாம் வாரத்திலேயே வரும். நடப்பு வேலைகளை எல்லாம் ஒரே வெளி எஸ்எஸ்டியில் வைத்து அதையே இரண்டிலும் செருகிக்கொள்வது என் பழக்கம். வெளியிலிருந்து இணையம் வழியாக வீட்டுக் கணினிக்குள் நுழைந்து வேலை செய்யலாம் என்று நினைப்பவர்கள், மைக்ரோசாப்டின் ரிமோட் டெஸ்க்டாப் வசதியில் வீட்டுக் கணினியாக இருக்க விண்டோஸ் புரோ பதிப்பு வேண்டும் என்பதையும், வீட்டில் கரண்ட் போனால் கதை முடிந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பழைய ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப்புகளைப் பற்றியும் கேட்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் நிறுவனங்கள் கழித்துவிட்ட உறுதியான மாடல்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. கல்லூரி மாணவருக்குச் சரி. பிழைப்பை நம்பியிருப்பவர், பேட்டரியும் வாரண்டியும் இல்லாத பொருளை முதன்மைக் கணினியாக வைத்துக்கொள்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | வலிமையான லேப்டாப் | டெஸ்க்டாப் | இரண்டு கணினி |
|---|---|---|---|
| எடுத்துச் செல்வது | முடியும், அடாப்டரோடு மூன்றரைக் கிலோ | முடியாது | எளிது. ஆனால் வெளியே கனமான வேலை ஆகாது |
| கத்திரி வெயிலில் நீண்ட ரெண்டர் | வேகம் இறங்கும், இரைச்சல் | சிறப்பு | மேசைக் கணினியைப் பொறுத்தது |
| சிறு மின்தடை | கவலையில்லை | யுபிஎஸ் கட்டாயம் | மேசைக்குச் சிறிய யுபிஎஸ் |
| பழுதானால் | முழுவதும் போகும் | பாகம் மட்டும் | மற்றொன்று கைகொடுக்கும் |
| பின்னர் கூட்டுவது | ராம், எஸ்எஸ்டி மட்டும், அதுவும் மாடலைப் பொறுத்து | ஏறக்குறைய எல்லாம் | டெஸ்க்டாப் என்றால் ஆம், மினி பிசி என்றால் குறைவு |
| மறைசெலவு | மானிட்டர், வெளி டிஸ்க், நீட்டித்த வாரண்டி, பேட்டரி | யுபிஎஸ், மின்கட்டணம் | உரிமம், கோப்புக் குழப்பம் |

யாருக்கு எது

திருமண வீடியோ எடுத்து அன்றே காட்ட வேண்டியவர்களுக்கு முதல் வழிதான். ஆனால் அவர்கள் கிராபிக்ஸ் கார்டுக்குப் பணத்தைக் கொட்டுவதற்கு முன், தங்கள் கேமரா எந்த வடிவில் பதிவு செய்கிறது என்று பார்க்க வேண்டும். 10-பிட் 4:2:2 ஹெச்இவிசி கோப்புகளை வன்பொருள் வழியாகத் திறக்கும் வசதி இன்டெல் செயலிகளின் உள்ளடங்கிய கிராபிக்ஸில் பதினோராம் தலைமுறை முதலே இருக்கிறது. என்விடியா கார்டுகளில் அது 50 வரிசையில்தான் வந்தது. ஏஎம்டி செயலியையும் 40 வரிசைக் கார்டையும் சேர்த்து வாங்கிவிட்டு, இத்தனை பணம் போட்டும் டைம்லைன் தடுக்கித் தடுக்கி ஓடுகிறதே என்று வருந்துபவர்களுக்கு இதுதான் காரணம்.

ஆல்பம் வடிவமைப்பாளர், டிடிபி கடை, கணக்கர் ஆகியோர் கடையை விட்டு நகர்வதில்லை. இவர்களுக்கு விலையுயர்ந்த கிராபிக்ஸ் தேவையுமில்லை. நடுத்தர டெஸ்க்டாப், 32 ஜிபி ராம், நல்ல நிறம் காட்டும் மானிட்டர் போதும். மிச்சப் பணத்தை மானிட்டரில் போடுவதுதான் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும்.

கட்டட வரைபடக்காரர்களில் இரண்டு வகை. ஆட்டோகேட், ரெவிட் இரண்டும் பெரும்பாலும் செயலியின் ஒற்றைக் கருவின் (கோர்) வேகத்தை நம்புவதால், இருபது கருக்கள் கொண்ட செயலி என்ற பெருமை அவற்றில் அதிகம் உதவாது. அலுவலகத்தில் வரைந்துவிட்டுக் கட்டட இடத்தில் காட்ட மட்டும் வேண்டியவர்களுக்கு மூன்றாம் வழி பொருந்தும். புதுச்சேரி வொயிட் டவுன் தெருவின் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் இடத்திலேயே முப்பரிமாண மாதிரியைச் சுழற்றி, சுவரை நகர்த்திக் காட்ட வேண்டியவருக்கு முதல் வழி. பொறியியல் மாணவர் விடுதிக்கும் வீட்டுக்கும் அலைபவர், அவருக்குக் கேள்வியே இல்லை, லேப்டாப்தான். 18 அங்குலம் மட்டும் வேண்டாம்.

வாங்கும் நாளில்

2017 ஜூலை 1-க்கு முன்பு, வரி குறைவு என்பதற்காகவே கடலூரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் பாண்டிக்குப் போய்ப் பொருள் வாங்குவது வழக்கமாக இருந்தது. ஜிஎஸ்டி வந்த பிறகு இரு பக்கமும் லேப்டாப்புக்கும் டெஸ்க்டாப்புக்கும் ஒரே 18 சதவீதம்தான்; எனவே பாண்டிக் கடை விலை குறைத்தால் அது கடைக்காரரின் தள்ளுபடி, வரியின் தயவு அன்று. இன்னொன்று, கடலூரில் ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர் புதுச்சேரிக் கடையில் வாங்கும்போது, பில்லை ஐஜிஎஸ்டியாக (மாநிலங்களுக்கு இடையிலான ஜிஎஸ்டி) போட்டுத் தரச் சொல்ல வேண்டும். உள்ளூர் வரியாகப் போட்டுவிட்டால் அந்த வரியைத் தமிழ்நாட்டுப் பதிவில் உள்ளீட்டு வரவாக எடுக்க முடியாமல் போய்விடும். ஒன்றரை லட்ச ரூபாய்ப் பில்லில் அது ஏறத்தாழ 23,000 ரூபாய்.

லேப்டாப் என்று முடிவு செய்தவர்கள், வாரண்டி வீட்டுக்கே வந்து பார்ப்பதா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டியதா, போக வேண்டியது என்றால் எந்த ஊருக்கு என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். கேமிங் வகை மாடல்களுக்கு ஓராண்டு வாரண்டிதான் பெரும்பாலும். மூன்றாண்டாக நீட்டிப்பதற்கான தொகையை லேப்டாப்பின் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே டெஸ்க்டாப்போடு ஒப்பிட வேண்டும். வீட்டுக்கு வந்தவுடன் செய்ய வேண்டியது, பேட்டரி 80 சதவீதத்தோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்திக்கொள்ளும் அமைப்பை இயக்குவது. எந்நேரமும் செருகியே இருக்கும் லேப்டாப்பில் முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் பேட்டரி உப்பி, டச்பேடைக் கீழிருந்து தள்ளத் தொடங்கும். ஏசி அறையில் குளிர்ந்திருந்த லேப்டாப்பைக் கடற்கரை ஈரக் காற்றுக்கு எடுத்து வந்தால், கால் மணி நேரம் பையிலேயே இருக்கட்டும். திறந்தவுடன் உள்ளே நீர்த்துளி கோப்பதைத் தவிர்க்க வேறு வழியில்லை.

பழைய சிஸ்டத்தை எடைக்குப் போடும் முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளவும். இணையத்தோடு இணைக்காமல், பழைய ஆல்பங்களையும் பாமினிக் கோப்புகளையும் திறந்து பார்க்க மட்டும் அந்தச் சிஸ்டத்தைக் கடையின் மூலையில் விட்டுவைத்திருப்பவர்களும் உண்டு. பேஜ்மேக்கர் அதில் இன்றும் ஓடுகிறது.